வாயால் சொன்னால் மெசேஜ் போகும்: குரல் உதவியாளரைப் பழக்குவது எப்படி?

இரண்டு கையும் ஈரமாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் போன் 'டிங்' என்று கூப்பிடும். கையைத் துடைத்து, பூட்டைத் திறந்து, வந்ததைப் படித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதில் அனுப்புவதற்குள் செய்துகொண்டிருந்த வேலை கெட்டுவிடும். இத்தனைக்கும் போனுக்குள்ளேயே ஒரு குரல் உதவியாளர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாம் சொல்வதை எழுதி அனுப்பும், வந்ததை வாசித்துக் காட்டும்.

பலர் இதை ஒருமுறை முயன்று பார்ப்பார்கள். மெசேஜ் வேறு யாருக்கோ போய்விடும். அதோடு சரி, அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். நானும் அப்படி விட்டவன்தான். சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பழகியபோதுதான் புரிந்தது, கோளாறு என் உச்சரிப்பில் இல்லை. போனில் நான் பெயர்களைச் சேமித்து வைத்திருந்த லட்சணம் ஒரு காரணம். அது திருப்பி வாசிக்கும்போது நான் காது கொடுக்காதது இன்னொரு காரணம். அதனால் இந்த விளக்கத்தில் அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பத்து நிமிட வேலை.

படி 1: கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வையுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் அசிஸ்டென்ட் இருக்கும், அல்லது அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஜெமினி இருக்கும். இரண்டையும் 'ஹே கூகுள்' என்றே கூப்பிடலாம். ஐபோனில் 'ஹே சிரி'. 2023-இல் வந்த ஐஓஎஸ் 17-க்குப் (ஐபோனை இயக்கும் மென்பொருளின் பதிப்பு) பிறகு பல ஐபோன்களில் வெறுமனே 'சிரி' என்றாலும் திரும்பிப் பார்க்கும்.

ஆண்ட்ராய்டில் கூகுள் ஆப்பைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ், கூகுள் அசிஸ்டென்ட் என்று உள்ளே போனால் 'வாய்ஸ் மேட்ச்' வரும். அதை ஆன் செய்ததும் சில சொற்றொடர்களைச் சொல்லச் சொல்லும். இயல்பான குரலில் சொல்லுங்கள், மேடையில் பேசுவதுபோல வேண்டாம். பிறகு கூப்பிடப்போவது சாதாரணக் குரலில்தானே? ஐபோனில் செட்டிங்ஸில் சிரி என்ற பகுதிக்குப் போய், அழைப்புச் சொல்லைக் கேட்கும் வசதியை ஆன் செய்தால் இதே சடங்கு நடக்கும். போனின் பதிப்பைப் பொறுத்து இந்தப் பெயர்கள் முன்னே பின்னே இருக்கும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'வாய்ஸ்' அல்லது 'சிரி' என்று போட்டுப் பார்ப்பது சுலபம்.

எந்நேரமும் நம் பேச்சை ஒட்டுக் கேட்டுக்கொண்டே இருக்குமா என்று தயங்குபவர்கள் உண்டு. காத்திருக்கும் நேரத்தில் அது தேடுவது அந்த அழைப்புச் சொல்லை மட்டும்தான், அதையும் போனுக்குள்ளேயே அடையாளம் காண்கிறது. அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் அழைப்புச் சொல்லை அணைத்துவிட்டு, பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்துக் கூப்பிடும்படி வைத்துக்கொள்ளலாம்.

கூப்பிட்டும் பதில் இல்லையா? ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர் ஆன் ஆகியிருந்தால் 'ஹே கூகுள்' வேலை செய்யாது. ஐபோனைக் கவிழ்த்து வைத்திருந்தால் 'ஹே சிரி' எடுபடாது. நான் இது தெரியாமல் மேசையில் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்துப் பத்து முறை கூவியிருக்கிறேன்.

படி 2: அனுமதிகள்

முதல் முறை மெசேஜ் அனுப்பச் சொன்னதும் மைக், தொடர்புகள், எஸ்எம்எஸ் என்று வரிசையாக அனுமதி கேட்கும். மூன்றும் தேவை. வந்த மெசேஜை வாசிக்க வேண்டுமானால் அறிவிப்புகளைப் பார்க்கும் அனுமதியையும் தனியாகக் கேட்கும். இந்த நான்காவதைத்தான் பலர் 'எதற்கு வம்பு' என்று மறுத்துவிட்டு, 'அனுப்புகிறது, ஆனால் வாசிக்க மாட்டேன் என்கிறது' என்று குறைப்படுவார்கள்.

படி 3: பெயர்களை ஒழுங்குபடுத்துங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உங்கள் தொடர்புப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். 'குமார் புதுசு', 'குமார் 2', 'குமார் ஆபீஸ் பழைய நம்பர்' என்று இருக்கிறதா? கண்ணால் தேடும்போது இதெல்லாம் நமக்குப் புரியும். வாயால் 'குமாருக்கு மெசேஜ் அனுப்பு' என்றால் உதவியாளர் என்ன செய்யும்? 'எந்தக் குமார்?' என்று கேட்டால் நல்ல காலம். கேட்காமல் ஒருவரைத் தானே தேர்ந்தெடுத்துவிட்டால் வம்பு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடிக்கடி மெசேஜ் அனுப்பும் ஏழெட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் நீங்கள் உண்மையில் வாயால் கூப்பிடும் பெயரை வையுங்கள். 'அம்மா', 'பெரியண்ணன்', 'குமார் வாத்தியார்' என்று. புள்ளி, கோடு, பூ பொம்மை, இதயப் படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டு பதிவாக வைக்காமல் ஒரே பதிவுக்குள் சேருங்கள்.

எந்த எழுத்தில் சேமிப்பது என்பது அடுத்த கேள்வி. உதவியாளரிடம் தமிழில் பேசப்போகிறீர்கள் என்றால் பெயர் தமிழ் எழுத்தில் இருப்பது நல்லது. ஆங்கிலத்தில் கட்டளை கொடுப்பவர் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் 'பழனி'யை எழுதிவிட்டு வாயால் 'ழ' போட்டு அழகாகச் சொன்னால் அது தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. ஐபோனில் ஒவ்வொரு தொடர்பிலும் உச்சரிப்பு, செல்லப்பெயர் ஆகியவற்றுக்குத் தனி இடம் சேர்க்கலாம். பதிவில் முழுப்பெயர் அப்படியே இருக்கட்டும், கூப்பிடும் பெயரைச் செல்லப்பெயர் இடத்தில் போட்டுவிடுங்கள்.

படி 4: முதல் மெசேஜ்

முதல் மெசேஜை யாருக்கும் அனுப்பாதீர்கள், உங்களுக்கே அனுப்புங்கள். உங்கள் எண்ணையே 'சோதனை' என்ற பெயரில் சேமித்துக்கொண்டு நாலைந்து முறை அனுப்பிப் பாருங்கள். தப்பினாலும் மானம் போகாது.

சொல்லும் வரிசை முக்கியம்: யாருக்கு, எதில், என்ன.

'ஹே கூகுள், சோதனைக்கு எஸ்எம்எஸ் அனுப்பு.'

அது 'என்ன செய்தி?' என்று கேட்கும்.

'நான் கிளம்பிவிட்டேன், அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்.'

எழுதியதைத் திரையில் காட்டும், அல்லது வாசித்துவிட்டு 'அனுப்பவா, மாற்றவா?' என்று கேட்கும். 'அனுப்பு' என்றால் போய்விடும். 'மாற்று' என்றால் மறுபடி சொல்லலாம். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடும். வாட்ஸ்அப்பில் போக வேண்டுமென்றால் 'வாட்ஸ்அப்பில்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் சாதாரண எஸ்எம்எஸ்ஸாகப் போகும்.

சிரியிடம் கட்டளைப் பகுதியை ஆங்கிலத்தில் சொல்வதே நம்பகமானது: 'சென்ட் எ மெசேஜ் டு அம்மா'.

பேசும் முன் வாக்கியத்தை மனத்துக்குள் முடித்துவிடுங்கள். ஓரிரு நொடி மௌனம் வந்தாலே பேச்சு முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். 'நான் வந்து... அதாவது...' என்று இழுத்தால் 'நான் வந்து' என்ற இரண்டு சொல்லோடு கடையைக் கட்டிவிடும்.

பெயர்கள் சரியாக இருந்தும் தமிழ் வாக்கியத்தைப் பிடிக்கத் திணறுகிறதென்றால் ஒரு நடுவழி உண்டு. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை 2017 முதல் தமிழ்க் குரலை எழுத்தாக மாற்றித் தருகிறது. மெசேஜ் ஆப்பை நீங்களே திறந்து, விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தொட்டுப் பேசினால் போதும். கையைக் கொஞ்சம் பயன்படுத்த வேண்டும், ஆனால் ஆள் மாறிப் போகாது.

படி 5: திருப்பி வாசிப்பதைக் கேளுங்கள்

ஒருமுறை ஒரு நண்பருக்கு 'நாளைக்கு வர வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினேன். திரையைப் பார்க்கவில்லை. திருப்பி வாசித்ததையும் அரைக் காதில் வாங்கிக்கொண்டு 'அனுப்பு' என்றேன். போனது 'நாளைக்கு வர வேண்டும்'. மறுநாள் காலை மனிதர் வாசலில் நிற்கிறார்.

தமிழில் இந்த ஆபத்து அதிகம். ஆம், இல்லை என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில், அதுவும் நாம் குரலைத் தாழ்த்தும் இடத்தில்தான் வருகிறது. வேண்டும், வேண்டாம். முடியும், முடியாது. வருவேன், வர மாட்டேன். கடைசி அசையை விழுங்கிப் பேசுகிறவர்களுக்கு இது தினமும் நடக்கும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்தித் தெளிவாகச் சொல்லுங்கள். திருப்பி வாசிக்கும்போதும் அந்தக் கடைசிச் சொல்லுக்குக் காத்திருங்கள். 'இல்லை' என்று சொல்ல வேண்டிய மெசேஜுக்குக் கூடவே ஒரு காரணத்தையும் சேர்ப்பது என் வழக்கம்: 'நாளைக்கு வர வேண்டாம், நான் ஊரில் இருக்க மாட்டேன்.' ஒரு சொல் தவறினாலும் மற்றது காப்பாற்றும்.

நேரம், தேதி, எண் இருக்கும் மெசேஜையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'ஆறு' என்பதை எண்ணாக எழுதுவதா, ஓடுகிற ஆறாக எழுதுவதா என்பது அதன் ஊகம்தான்.

ஐபோனில் கேட்காமலே அனுப்பும் வசதி ஒன்று இருக்கிறது, ஐஓஎஸ் 16-இல் வந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் அதை அணைத்தே வைத்திருங்கள்.

படி 6: வந்ததை வாசிக்க வைப்பது

'ஹே கூகுள், என் மெசேஜ்களைப் படி' என்றால் படிக்காத மெசேஜ்களை ஒவ்வொன்றாக, யார் அனுப்பியது என்ற விவரத்தோடு வாசிக்கும். முடிந்ததும் 'பதில் அனுப்பவா?' என்று கேட்கும். அங்கிருந்து படி 4 போலத்தான். இது பல நேரம் அறிவிப்புகளைப் பார்த்துத்தான் வாசிக்கிறது. அறிவிப்பை நீங்கள் விரலால் தள்ளி அழித்துவிட்டால் 'புதிய மெசேஜ் இல்லை' என்று சொல்லலாம்.

ஐபோனில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் 'அனௌன்ஸ் நோட்டிஃபிகேஷன்ஸ்' இருக்கும். ஏர்பாட்ஸ் போன்ற ஒத்துப்போகும் இயர்போன் காதில் இருந்தால், மெசேஜ் வந்ததும் கேட்காமலே வாசிக்கும். வாசித்து முடித்து ஒரு கணம் காத்திருக்கும். அந்த நேரத்தில் 'ஹே சிரி' கூடச் சொல்லாமல் நேராகப் பதிலைச் சொல்லலாம். காரில், போனை வண்டியின் திரையோடு இணைக்கும் கார்ப்ளே (ஐபோனுக்கு), ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் இதே வேலையைச் செய்யும். வண்டி ஓட்டும்போது ஒரு வரிப் பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரில் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்பது ஓடிபி வரும்போதுதான் உறைக்கும்.

படி 7: நீளமும் நிறுத்தக்குறியும்

எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிறீர்கள் என்றால் நீளத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 குறிகள்தான். அதுவும் நாம் எண்ணுகிற கணக்கில் இல்லை, ஒவ்வொரு புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறி. 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏழு. 70-ஐத் தாண்டினால் செய்தி 67 குறி கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டுப் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் வரலாம். வாயால் சொல்லும்போது வார்த்தை தாராளமாக வந்துவிடுவதால் இதைச் சொல்கிறேன். உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று போனது, அதில் இருந்தது இரண்டே சொல், கிறிஸ்துமஸ் வாழ்த்து. அன்றைக்குப் போனில் தட்ட வழியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினார்கள்.

'கமா', 'ஃபுல் ஸ்டாப்', 'கொஸ்டின் மார்க்' என்று ஆங்கிலத்தில் கட்டளையிடும்போது அந்தக் குறிகள் விழும். தமிழில் பேசும்போது சில சமயம் 'கமா' என்ற சொல்லையே எழுதி வைத்துவிடும். சோதனை எண்ணுக்கு அனுப்பிப் பார்த்து உங்கள் போன் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 8: பூட்டிய திரை

போன் பூட்டியிருக்கும்போதும் உதவியாளர் மெசேஜ் அனுப்பலாமா, வாசிக்கலாமா என்பதற்குத் தனித் தேர்வு உண்டு. கை நிறைய வேலை இருக்கும்போது வசதிதான். ஆனால் போனை மேசையில் விட்டுவிட்டுப் போகும் ஆள் நீங்கள் என்றால் அணைத்து வையுங்கள். குரலை அடையாளம் காணும் என்பதை நம்பி இருக்காதீர்கள், ஒத்த குரலுக்கு அது ஏமாறும்.

தப்பாகப் போய்விட்டால்?

வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், எல்லோருக்கும் அழிப்பதற்கு இன்னும் கூடுதல் நேரம் கிடைக்கும். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் ஐமெசேஜை 2 நிமிடத்துக்குள் திரும்பப் பெறலாம். சாதாரண எஸ்எம்எஸ் போனது போனதுதான். உடனே இன்னொன்று அனுப்பி, 'முந்தைய மெசேஜைக் கண்டுகொள்ள வேண்டாம்' என்று சொல்வதைத் தவிர வழியில்லை. அந்த 'வேண்டாம்' வேண்டாமாகவே போகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.