மரம் வைத்தும் மானியம் வராத கதை: கடலூர் பக்கத்து விவசாயிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டிக்கு மேற்கே என் மாமாவுக்கு மூன்று ஏக்கர் செம்மண் கொல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, அந்தக் கொல்லையில் இருந்த முந்திரியும் பலாவும் ஒரே விடியலில் படுத்துவிட்டன. அதற்கப்புறம் பல வருடம் மல்லாட்டையும் (நிலக்கடலை) மரவள்ளியுமாக ஓட்டியவர், மறுபடியும் மரத்துக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தார். ஒட்டுக்கன்று, சொட்டுநீர் என்று எல்லாவற்றுக்கும் அரசு மானியம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மழைக்கு முன்னால் முடித்துவிடும் அவசரத்தில் டவுனில் குழாய் வாங்கிப் பதித்துவிட்டு, பில்லோடு தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குப் போனார். "போட்டு முடிச்சதுக்கு எப்படிங்க மானியம் தர்றது?" என்று கேட்டார்களாம். அந்த பில் இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது.

மரப்பயிர், சொட்டுநீர், இயற்கை விவசாயம் என்று மண்ணுக்கும் தண்ணீருக்கும் நல்லது செய்கிறவர்களுக்கு இன்றைக்கு மத்திய அரசிலும் மாநில அரசிலும் நிறையவே உதவி இருக்கிறது. பணம் கைக்கு வராமல் போவதற்குப் பெரிய காரணம், இரண்டு காலண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டாததுதான். அரசாங்கத்துக்கு வருடம் ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிகிறது. நமக்கோ வடகிழக்கு மழையை வைத்துத்தான் வருடம். ஐப்பசியில் மண் நனையும்போது மனு போட்டால், ஆணை வருவதற்குள் தை பிறந்துவிடும். கன்று கைக்கு வரும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. ஆகவே சித்திரையிலேயே அலுவலகத்துப் படியேறுங்கள். தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் பதிவதும் அப்போதே நடக்கட்டும். நிதியாண்டு தொடங்கும்போது பதிந்தவர் பெயர் வரிசையில் முன்னால் நிற்கும். ஆடியில் குழி வெட்டி ஆறப்போடவும் நேரம் கிடைக்கும்.

சொட்டுநீரில் மாமா செய்த தவறைச் செய்யாமல் இருக்க வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலில் பதிவு, அப்புறம் வயலைப் பார்வையிடுதல், விலைப்புள்ளி (கொட்டேஷன்), பணி ஆணை. அதற்குப் பிறகுதான் குழாய் கொல்லைக்குள் வர வேண்டும். பதித்து முடித்ததும் மறுபடி ஆய்வு, புகைப்படம். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இதில் 'முழு மானியம்' என்ற சொல்லைக் கேட்டு மயங்குகிறவர்கள் அதிகம். அரசு நிர்ணயித்த விலைக்குத்தான் அது முழு மானியம். கிணறு கொல்லையிலிருந்து தள்ளி இருந்தால், கூடுதலாக ஓடும் மெயின் குழாய்க்கு நம் பாக்கெட்டைத்தான் தொட வேண்டியிருக்கும். விலைப்புள்ளியை வரி வரியாகப் படித்து, "இதில் நான் தர வேண்டியது எவ்வளவு?" என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எந்த நிறுவனத்தின் பொருள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை விவசாயியுடையது. டீலர் சொல்வதுதான் சட்டம் என்று நினைக்க வேண்டாம்.

காணிக் கணக்கும் ஹெக்டேர் கணக்கும்

நம் பக்கத்தில் நிலத்தைக் காணியில்தான் பேசுகிறோம். ஒரு காணி என்றால் 132 சென்ட். பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும், அதில் நூறில் ஒரு பங்கான ஏரும். மானியத் திட்டம் பேசுவது ஏக்கர். சிறு விவசாயி என்றால் 5 ஏக்கர் வரை, குறு விவசாயி என்றால் 2.5 ஏக்கர் வரை. "எனக்கு நாலு காணிதான், நான் சிறு விவசாயிதானே?" என்று கேட்பவருக்குக் கையில் இருப்பது 5.28 ஏக்கர். 28 சென்ட் வித்தியாசத்தில் 100 சதவீதம் 75 ஆகிவிடும். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் போய் உட்காருவதற்கு முன்பே பட்டாவில் உள்ள ஹெக்டேரை 2.47-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

இதைவிடப் பெரிய தலைவலி, தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா. அண்ணன் தம்பி மூன்று பேர் வாய்வழியாகப் பாகம் பிரித்து, வரப்புப் போட்டு, இருபது வருடமாக உழுதுகொண்டிருப்பார்கள். காகிதத்தில் இன்னும் தாத்தாதான் விவசாயி. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு, பட்டா மாற்றம் என்று இது ஒரு மழைக்காலத்தில் முடிகிற வேலை இல்லை. கூட்டுப்பட்டாவாக இருந்தால், உங்கள் பங்கு எவ்வளவு, மற்றவர்களுக்குச் சம்மதமா என்ற கேள்வி எழும். மரம் வைக்கலாம் என்று மனதில் தோன்றிய அன்றே பட்டா வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. மரம் இருபது முப்பது வருடம் நிற்கப்போகிறது. யார் மரம் என்ற சண்டையும் அதோடு சேர்ந்து வளரும்.

தென்பெண்ணைக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியின் பாகூர் பக்கம் வீடு, கடலூர் மாவட்டத்தில் கொல்லை என்று வாழ்கிறவர்கள் நம்மிடம் ஏராளம். தலைகீழாக இருப்பவர்களும் உண்டு. புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதன் வேளாண் துறை தனி, திட்டங்களும் மானிய அளவும் தனி. ஆதாரில் புதுச்சேரி முகவரி இருந்தாலும், நிலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். தங்கை வீட்டில் புதுச்சேரி மானியம் இவ்வளவு வந்தது என்று கேட்டுக்கொண்டு வந்து இங்கே சண்டை போடுவதில் பயன் இல்லை.

கன்று பிழைத்தால்தான் காசு

மரப்பயிர் உதவிகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் வருவதில்லை. தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில் வெகுகாலம் இருந்த முறை இது: மூன்று ஆண்டில் 60:20:20 என்று மூன்று தவணை. இரண்டாம் தவணைக்கு 75 சதவீதக் கன்று உயிரோடு இருக்க வேண்டும், மூன்றாவதற்கு 90 சதவீதம். விகிதம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். உங்கள் ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. தமிழ்நாடு அரசின் நீடித்த நிலையான பசுமைப் போர்வை இயக்கத்தில் இலவசமாகத் தரும் மரக்கன்றுக்கான பராமரிப்பு ஊக்கத்தொகையும் பிழைத்து நிற்கிற கன்றை எண்ணித்தான் கொடுக்கப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்திரியை 7 மீட்டருக்கு 7 மீட்டர் வைத்தால் ஹெக்டேருக்கு 200 கன்று, ஏக்கருக்குச் சுமார் 80. அதில் 75 சதவீதம் என்றால் 60 உயிரோடு நிற்க வேண்டும். 21 செத்துவிட்டால் அடுத்த தவணை சந்தேகம். அடர் நடவில் 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 500. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மனுவில் எழுதிய இடைவெளியில்தான் நட வேண்டும். சொட்டுநீர் வரைபடமும் அதை வைத்துத்தான் போடப்படுகிறது. இலவசம்தானே என்று அதிகமாக வாங்கி, மீதியை மோட்டார் கொட்டகை ஓரத்தில் காயவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியதாகக் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கையில்தான் பின்னால் சதவீதம் பார்ப்பார்கள்.

கன்று ஏன் சாகிறது? கொல்லைக்குள் குனிந்து பார்த்தால் தெரியும். ஒட்டுக்கன்றில் ஒட்டுக் கட்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கும். நட்ட பிறகு அதை யாரும் அவிழ்ப்பதில்லை. தண்டு பருக்கப் பருக்க அந்த நாடா கழுத்தை இறுக்கும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும்; ஆழமாக நட்டு மூடினால் அழுகும். இன்னொன்று, ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து தளதளவென்று ஒரு துளிர் வரும். பார்க்க ஆசையாக இருக்கும். அதை விட்டால் மேலே இருக்கும் நல்ல ரகம் காய்ந்துபோய், கீழிருந்து வந்த நாட்டுச்செடி மட்டும் வளரும். ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிக்கையில் அதைச் சேர்த்துக்கொண்டாலும், நாலு வருடம் கழித்து மரத்தடியில் ஏமாறுவது நாம்தான். விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 முந்திரியோ, பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்த பாலூர் 1 பலாவோ, நல்ல ரகத்தை வைத்ததற்கே அப்புறம் அர்த்தம் இல்லை. வாரம் ஒருமுறை பழைய பிளேடோடு ஒரு சுற்று வந்தால் போதும். முட்டுக்குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கார்த்திகைக் காற்றுக்கு ஒட்டு பிளந்துவிடும்.

அப்புறம் ஆடு. ஊக்கத்தொகைக்கு முதல் எதிரி ஆடுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். தை அறுவடை முடிந்ததும் ஊரே ஆட்டை அவிழ்த்துவிடும். வேலிச் செலவு நம் தலையில்தான் விழும் என்று முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இடம் பார்க்காமல் வைப்பதும் கன்றைக் கொல்லும். நெய்வேலி, பண்ருட்டிச் செம்மண்ணில் முந்திரி ஜோராக வரும். அதையே காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் தாழ்நிலத்தில் வைத்தால், தண்ணீர் நின்ற மறுவாரம் வேர் அழுகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு தென்பெண்ணைக் கரையோரம் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு நீர்மருதோ புங்கனோ கேளுங்கள். 'இந்த வருடம் தேக்குதான் இருக்கு' என்று யாராவது சொன்னால், தேக்கு வராத மண்ணுக்கு அதை வாங்காமல் திரும்பி வருவதே லாபம். நெல் வயல் வரப்பில் மரம் வைக்கிறவர்கள் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று காலையிலும் மாலையிலும் நின்று பார்த்துவிட்டு, பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பஞ்சாயத்து மிச்சமாகும்.

அடங்கலில் ஏறாத மரம்

மரம் நட்டாயிற்று, வளர்ந்தும்விட்டது. வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்க் கணக்கான அடங்கலில் மட்டும் இன்னும் மல்லாட்டை என்றோ தரிசு என்றோ இருக்கும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புயல் நிவாரணம் வந்தால் எழுத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். சந்தனம், செம்மரம், தேக்கு வைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெட்டும் நாளில் அனுமதிக்கு அலையும்போது, இது நான் என் பட்டா நிலத்தில் நட்டது என்று காட்ட அதுதான் சாட்சி. நட்ட வருடமே வி.ஏ.ஓ.விடம் சொல்லி மர வகையும் எண்ணிக்கையும் ஏற்றிவிடுங்கள். நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். மூங்கில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி: 2017-இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இயற்கை விவசாய ஊக்கத்தொகையில் தவறு வேறு மாதிரி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய இயற்கை விவசாய இயக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு, அதுவும் ஒரு ஏக்கர் வரைதான். பத்து ஏக்கருக்கும் கிடைக்கும் என்று நினைத்து மொத்தக் கொல்லையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, முதல் வருட விளைச்சல் குறைந்ததும் வெறுத்துப்போனவர்கள் உண்டு. ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் பொறுமையும் வேண்டும். ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் 2 ஆண்டு, பலா, முந்திரி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு. குழுவாகச் சேரும் முறையில் ஒருவர் அவசரத்துக்கு ஒரு மூட்டை யூரியா போட்டாலும் மற்றவர்கள் பெயரும் சேர்ந்து கெடும். யாரோடு சேருகிறோம் என்று பார்த்துச் சேருங்கள். என்ன போட்டோம், எந்தத் தேதியில் போட்டோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வராதவருக்கு ஆய்வு நாளில் பேச ஒன்றும் இருக்காது.

கார்பன் கிரெடிட் என்று சொல்லிக்கொண்டு சிலர் ஊருக்குள் வருகிறார்கள். மரம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்வதற்குக் காசு என்பதில் தவறில்லை. அது அரசு மானியம் இல்லை, ஒப்பந்தம். எத்தனை வருடம் வெட்டக் கூடாது, பாதியில் புயல் சாய்த்தால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விக்கும் தமிழில் எழுத்தில் பதில் தராதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாகப் பணம் வரும் வழி. ஊக்கத்தொகை நேராக வங்கிக்கு வரும்போது, மனுவில் எழுதிய கணக்குக்கு வராமல் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போவது உண்டு. மகன் படிப்புக்காக எப்போதோ வேறு வங்கியில் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் தூங்கும். வரவில்லை என்று அலுவலகத்தில் சண்டை போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறொரு எழுத்து என்று இருந்தால் அதையும் சரிசெய்துவிடுங்கள்.

மாமா இந்த முறை சித்திரையிலேயே பதிந்துவிட்டார். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்கு எண்பது குழி வெட்டி, ஆடி முழுக்க வெயில் காட்டி, எருவும் மேல்மண்ணும் கலந்து மூடியாயிற்று. கன்று இன்னும் வரவில்லை. குழிகளுக்கு நடுவே மல்லாட்டை பூத்துக்கொண்டிருக்கிறது.