பகலோடு மாறும் வீடியோ இன்ஸ்டலேஷன்: கோவைப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் வீடியோ ஒன்றை, இடத்தோடு பொருந்தும் கலைப்படைப்பாக (இன்ஸ்டலேஷன்), பழைய மில் கட்டடத்தில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். அதில் பெரிய தவறு, குளிர்நாட்டு வானத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்வது. அமெரிக்கக் கலைஞர் நான்சி ஹோல்ட் 1976இல் அங்குள்ள யூட்டா மாநிலப் பாலைவனத்தில் முடித்த ‘சன் டனல்ஸ்’ படைப்பின் கான்கிரீட் குழாய்கள், ஆண்டின் மிக நீண்ட, மிகக் குறுகிய பகல்களின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் நேராகப் பார்க்கும். அங்கே அந்த இரண்டு பகல்களுக்கும் சுமார் ஆறு மணி நேர வித்தியாசம். கோவையில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். பகல் நீளத்தை வைத்து படத்தின் வேகத்தை மாற்றினால், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே மாறுவது வெயிலின் திசை. கோவை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 24 வாக்கில் ஒரு முறை உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே ‘வடக்குக் கண்ணாடிதானே, நேர் வெயில் வராது’ என்று நம்பி எதிரே திரை கட்டாதீர்கள். ரம்பப் பல் போன்ற கூரை கொண்ட பஞ்சாலைகளில் கண்ணாடி வடக்கு பார்த்துத்தான் இருக்கும். வைகாசி, ஆனியில் காலையும் மாலையும் வெயில் அதன் வழியே சாய்ந்து உள்ளே விழும். அதை மறைப்பதைவிட, விழும் இடத்தைச் சுவரில் குறித்துவைத்துப் படத்தை அதற்குத் தக்கபடி அமைப்பது எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது மேகம். ஆடிக்காற்றோடு பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் ஓடிவரும். தெளிந்த நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வரை இருக்கும் வெளிச்சம், அடர்ந்து மூடினால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். வெளிச்சத்தை அளக்கும் சென்சார் தரும் எண்ணை அப்படியே படத்துக்குக் கொடுத்தால், ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி படம் துடிக்கும். சில நிமிடங்களின் சராசரியை எடுங்கள். ஒரு காட்சி தொடங்கும் வெளிச்ச அளவும் முடியும் வெளிச்ச அளவும் வேறுவேறாக இருக்கட்டும். அப்புறம், புரொஜெக்டர் வெளிச்சம் படும் இடத்தில் சென்சாரை ஒட்டாதீர்கள். படம் தன்னைத் தானே பார்த்து மாற ஆரம்பித்துவிடும். வானத்தை நேரலையாகக் காட்டும் கேமராவில் ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்சத்தைத் தானே சரிசெய்வது), ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைத் தானே சரிசெய்வது) இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்திச் சிவப்பையே அது ‘சரி’செய்துவிடும்.

புரொஜெக்டரிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புரொஜெக்டர் உமிழும் 5,000 லூமென் வெளிச்சத்தைப் பத்து சதுர மீட்டரில் பரப்பினால் கிடைப்பது 500 லக்ஸ். திறந்த வாசல் பக்கம் அது காணாமல் போகும். பகலில் மங்கிக் கிடந்து, பொழுது சாயச் சாயத் துலங்கும் படமாகவே அதை யோசிக்கலாம்.

நேரக் கணக்கும் ஏமாற்றும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கை வைத்துக் கணக்கிடுவது. கோவை 77க்கு அருகில். அதனால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12.22க்கு. பிப்ரவரி நடுவில் 12.36 ஆகும், நவம்பர் தொடக்கத்தில் 12.06. அட்டவணையில் உள்ள அஸ்தமன நேரம் சமவெளித் தொடுவானத்துக்கானது. காங்கேயம் பக்கம் ஒத்துவரும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் அதற்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். சாதாரண நாளில் அங்கே நின்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

படத்தை ஓட்டப் பயன்படும் சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பையில், 4 வரையிலான போர்டுகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் தனிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், இணையமும் இல்லையென்றால், மத்தியானத்தில் விடியற்காலைக் காட்சி ஓடும். பேட்டரியோடு சின்ன கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கிச் செருகுங்கள்.