நங்கூரம் போட்ட பிறகு நடக்கும் தவறுகள்

குழந்தைகளோடு வெப்பமண்டலக் கடலில் பாய்மரப் படகில் வாழக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் புயலுக்குத்தான் அஞ்சுகிறார்கள். உயிர்காப்புத் தெப்பம், அவசர ரேடியோ, பாதுகாப்புக் கயிறு என்று வாங்க வேண்டியவற்றின் பட்டியல் நீளும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் படகு வாழ்க்கையில் பெரும்பாலான நாட்கள் ஏதோ ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடப்பதிலேயே கழிகின்றன. அந்த நாட்களின் தவறுகள் அதிகம் பேசப்படுவதில்லை.

முதலாவது, காவலைக் கலைத்துவிடுவது. படகு ஓடும்போது யார் விழித்திருப்பது, யார் தூங்குவது என்று முறை இருக்கும். குழந்தை மேல்தளத்துக்கு வந்தால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நங்கூரம் தரையைப் பிடித்ததும் எல்லாம் தளர்ந்துவிடும். அம்மா பார்த்துக்கொள்கிறார் என்று அப்பாவும், அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்க, மூன்று வயதுப் பிள்ளை பின்படியில் குனிந்து வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கும். தண்ணீரில் விழும் குழந்தை கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே இருக்காது. அதனால் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள்: “இனி உங்கள் முறை.” “சரி, என் முறை.” நாடகம்போலத் தோன்றும், தோன்றிவிட்டுப் போகட்டும். படகைச் சுற்றிக் கட்டிய வலை இருக்கிறதே என்பதும் சமாதானம் ஆகாது. வெயில் அந்த நூலை மெல்ல நைத்துவிடும். அடிக்கடி பலமாக இழுத்துப் பாருங்கள்.

கரைக்குப் போய்வரும் சின்ன மோட்டார் படகை விளையாட்டுச் சாமானாக நினைப்பது அடுத்தது. என்னைக் கேட்டால், பெரிய படகைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டிக்கொள்ள ஒரு சுருள் கயிறு இருக்கும். அவர் தூக்கியெறியப்பட்டால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். “இதோ இருக்கிற கரைதானே” என்று அதை மாட்டாமல் போவார்கள். ஆளில்லாத படகு பல சமயம் நேராக ஓடிவிடாது. விழுந்தவரையே சுற்றிச் சுற்றி வரும், சுழலும் விசிறியோடு.

தேதி குறித்துக்கொண்டு பயணம் செய்வது இன்னொரு பெருந்தவறு. உறவினர் விமான டிக்கெட் எடுத்துவிட்டார், சனிக்கிழமைக்குள் அந்தத் தீவில் இருக்க வேண்டும் என்று ஆகாத காற்றில் கிளம்புவார்கள். விருந்தினருக்கு நாளைச் சொல்லலாம், அல்லது இடத்தைச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. அவசரம், பவளப்பாறைகளுக்கு இடையே படகு நுழையும் வாயிலிலும் பழிவாங்கும். சூரியன் உயரத்தில், முதுகுப் பக்கம் இருக்கும்போதுதான் நீரின் நிறம் ஆழத்தைக் காட்டும்: கருநீலம் ஆழம், பழுப்பு பாறை. மாலையில் மேற்கு நோக்கி நுழைந்தால் கண்ணுக்குத் தெரிவது பளபளப்பு மட்டுமே. வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது; சூரியன் விழுந்து அரை மணிக்குள் இருட்டிவிடும்.

புயல் பருவத்திலும் இப்படி ஒரு அசட்டை உண்டு. அட்லாண்டிக் பகுதியில் அது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கரீபியனில் தெற்கே கிரெனடா வரை இறங்கிவிட்டால் போதும் என்று பலர் நம்பினார்கள். 2004இல் ஐவன் சூறாவளி அந்தத் தீவைத் தாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி அதே நாட்டின் கரியாகூ தீவைச் சிதைத்தது. பருவம் தொடங்குமுன் எங்கே ஒதுங்குவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

சமையலறைத் தவறுகளில் உயிருக்கு உலைவைப்பது எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர், கசிவு வெளியே வடியும் தனிப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். சமைத்து முடிந்ததும் அதன் வால்வையே மூடுங்கள். அட்டைப்பெட்டிகளைப் படகில் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டைகள் அவற்றோடு வந்து குடியேறும்.

பாறையோரம் பிடித்த பெரிய மீனைப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு பரிமாறுவதும் ஆபத்து. சீலா, களவா போன்ற, மற்ற மீன்களை வேட்டையாடும் மீன்களில் சிகுவாட்டெரா நச்சு சேர்ந்திருக்கலாம். அதற்கு வாசனை இல்லை, சுவை இல்லை. வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவதுபோல உணர்வது அதன் விசித்திரமான அறிகுறி. அந்த இடத்து மீனவர்களைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

பவளம் கீறிய காயத்தைச் சின்னதென்று விடாதீர்கள். நல்ல நீரில் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, ஆறும்வரை கடலில் இறங்காமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தண்டனை, அழுவார்கள்.

கரையில் இருந்த பள்ளி மணி அட்டவணையை அப்படியே படகில் நடத்தப் பார்ப்பவர்கள் சில வாரங்களில் சோர்ந்துபோகிறார்கள். ஆடும் படகில் புத்தகத்தைக் குனிந்து படிக்கும் பிள்ளைக்கு வாந்திதான் வரும். நங்கூரத்தில் இருக்கும் நாட்களில், வெயில் ஏறுமுன் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நிறையவே முடியும்.

கடைசியாக, தனிமை. எல்லாரும் எந்நேரமும் சேர்ந்தே இருப்பதுதான் படகு வாழ்க்கை என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளைக்கு மூடிக்கொள்ள ஒரு கதவாவது வேண்டும். அறை இல்லையென்றால் படுக்கைக்கு ஒரு திரை போட்டுக் கொடுங்கள். திரையைத் தட்ட முடியாதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகு விலக்குங்கள்.