கேம்கார்டர் வீடியோவுக்கு எடிட்டிங் சாஃப்ட்வேர்: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்லேஸ்வரம் சேவாசதனில் அரங்கேற்றம், ஹலசூர் முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகை, கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் என்று பெங்களூர்த் தமிழர் வீடுகளில் கேம்கார்டருக்கு இன்றும் வேலை இருக்கிறது. இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் ஓடவும், கடைசி வரிசையில் இருந்து நெருக்கமாக ஜூம் செய்யவும் அது வசதியான கருவி. சிக்கல் வருவது அதற்குப் பிறகுதான். "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று நாலு பேரிடம் கேட்டு, விலையையும் எஃபெக்ட் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கார்டில் என்ன மாதிரிப் பதிவு இருக்கிறது என்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சாஃப்ட்வேரைத் தீர்மானிக்க வேண்டியது அந்தப் பதிவுதான்.

கோப்பைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பது

மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியை நிறுவி, கார்டில் உள்ள ஒரு கிளிப்பை அதில் இழுத்துப் போடுங்கள். ஃபார்மட், அகலம், ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்), ஸ்கேன் டைப், ஆடியோ ஃபார்மட் ஆகிய ஐந்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஎச்டி முறையில் பதியும் கேமராக்களே வீடுகளில் அதிகம். அவற்றில் வீடியோ எச்.264, ஒலி பெரும்பாலும் ஏசி-3 எனப்படும் டால்பி டிஜிட்டல், கோப்பின் பெயர் எம்டிஎஸ் என்று முடியும். இந்தியாவில் வாங்கிய கேமராவானால் ஃபிரேம் ரேட் 25, ஸ்கேன் டைப் 'இன்டர்லேஸ்டு' என்றுதான் பெரும்பாலும் வரும். 2011-க்குப் பின் வந்த சில மாடல்களில் 50 புரோகிரசிவ் முறையும் உண்டு, அதாவது வினாடிக்கு 50 முழு ஃபிரேம். அகலம் 1440 என்று வந்தால் பயப்பட வேண்டாம். பிக்சல்கள் அகலமாகப் பதிந்திருக்கின்றன, திரையில் 1920-ஆக விரியும். அதைத் தானாகப் புரிந்துகொள்ளாத சாஃப்ட்வேரில் எல்லா முகமும் ஒடுங்கித் தெரியும்.

மினிடிவி டேப்பில் எச்டிவி முறையில் பதிந்தவர்களுக்கு வேறு கவலை. டேப்பில் இருந்து எச்டி பதிவை எடுக்க ஃபயர்வயர் இணைப்பு வேண்டும், இன்றைய லேப்டாப்களில் அது இல்லை. டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டு, எச்டிவி-ஸ்பிளிட் போன்ற சிறிய இலவசக் கருவியால் கோப்பாக இறக்கிவிட்டு, அதன்பிறகு எடிட்டரைத் தேடுங்கள். டேப்பில் இருந்து பிடிக்கும் வசதியே பல புதிய எடிட்டர்களில் கிடையாது.

இன்டர்லேஸை அலட்சியம் செய்வது

இந்தத் தவறுதான் அதிகம் கெடுக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இன்டர்லேஸ் பதிவில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளாகப் பதியும். ஒற்றைப்படைக் கோடுகள் 540 ஒரு கணத்தில், இரட்டைப்படைக் கோடுகள் 540 அடுத்த 1/50 வினாடியில். அந்த இடைவெளியில் ஆடுபவரின் கை நகர்ந்துவிடும். தீர்மானம் (ஜதிக் கோர்வை) வேகமாகப் போகும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள்: பதாக முத்திரை பிடித்த கையின் ஓரம் சீப்புப் பல்லைப் போல வரிவரியாகப் பிளந்து, இரண்டு கைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது தெரியும். கேமராவில் கோளாறு இல்லை. பழைய டிவிக்காக உருவான முறையைக் கணினித் திரை அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

மென்பொருள் இதை மூன்று விதமாகக் கையாளலாம். அப்படியே விட்டால் யூடியூபில் ஏற்றிய பிறகும் பல் போகாது. 25 புரோகிரசிவாக மாற்றினால் பல் போகும், கூடவே அசைவில் பாதியும் போகும், அடவுகள் வெட்டி வெட்டித் தெரியும். ஒவ்வொரு பாதியையும் ஒரு முழு ஃபிரேமாக்கி 50 புரோகிரசிவாக மாற்றினால்தான் கேமரா பதிந்த அசைவு முழுதும் கிடைக்கும். நடனம், விளையாட்டு, தேரோட்டம் எதற்கும் மூன்றாவதே சரி. மேடைப் பேச்சுக்கு இரண்டாவது போதும்.

"50 ஃபிரேம் சப்போர்ட் உண்டு" என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி வாங்காதீர்கள். வெறுமனே ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டியும் 50 ஆக்கலாம். சோதிப்பது எளிது. வேகமான அசைவுள்ள பத்து வினாடியை 1080, 50 புரோகிரசிவில் எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை மீண்டும் எடிட்டரில் போட்டு, அம்பு விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கை நகர வேண்டும். ஒருமுறை நகர்ந்து மறுமுறை அசையாமல் நின்றால் அந்த சாஃப்ட்வேர் இரட்டிப்புதான் செய்கிறது.

அப்படிப்பட்ட எடிட்டர்தான் கையில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் எம்டிஎஸ் கோப்பைத் திறந்து, ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸுக்கு யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப், அதன் பிரீசெட்டில் 'பாப்' என்று வையுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட். தரம் ஆர்எஃப் 16. டைமென்ஷன்ஸ் பகுதியில் கிராப்பிங்கைக் கட்டாயம் 'நன்' ஆக்குங்கள். தானாக விட்டால் கறுப்புத் திரைச்சீலை உள்ள மேடையின் ஓரத்தையே கறுப்புப் பட்டை என்று எண்ணி அது வெட்டிவிடக்கூடும். இப்படி மாற்றிய எம்பி4 கோப்பை அநேகமாக எந்த எடிட்டரும் சிக்கலின்றி ஏற்கும்.

இன்னொன்று: எச்டி பதிவில் மேல் பாதி முதலில் வரும், எச்டி அல்லாத பழைய மினிடிவி டேப்பில் கீழ் பாதி முதலில். பழைய கல்யாண டேப்பையும் புதிய பதிவையும் ஒரே டைம்லைனில் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு கிளிப்புக்கும் இதைத் தனித்தனியாகக் குறிக்க முடிகிற எடிட்டராகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறிப்போனால் அசையும் பொருள் எல்லாம் முன்னும் பின்னுமாக உதறும்.

அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்த கேமராவில் ஃபிரேம் ரேட் 29.97 இருக்கும், அதாவது வினாடிக்கு 59.94 பாதிகள். முழு நிகழ்ச்சியும் அதில்தான் எடுத்தது என்றால் புராஜெக்ட்டையும் 59.94-இல் வைத்துவிடுங்கள். 25-க்கோ 50-க்கோ இழுத்தால் கேமரா திரும்பும் காட்சிகள் தட்டித் தட்டி நகரும். இரண்டு வகைக் கேமராவும் கலந்திருந்தால் எதில் அதிகக் காட்சி இருக்கிறதோ அதன் வேகத்தையே புராஜெக்ட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

கார்டில் இருந்து எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுப்பது

கேமராக்கள் நீண்ட பதிவைத் துண்டு துண்டாக்கியே சேமிக்கின்றன. சோனியில் சுமார் 2 ஜிபிக்கு ஒன்று, வேறு சிலவற்றில் 4 ஜிபிக்கு ஒன்று. ஸ்ட்ரீம் ஃபோல்டரில் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து டைம்லைனில் வரிசையாக வைத்தால், இணையும் இடத்தில் ஒலியில் ஒரு சிறு வெட்டு அல்லது 'டக்' சத்தம் விழும். பாடகர் நீட்டிப் பிடித்த ஸ்வரத்தின் நடுவில் அது விழுந்தால் மறைக்கவே முடியாது.

பிரைவேட் என்ற ஃபோல்டரை அப்படியே, உள்ளே எதையும் மாற்றாமல், ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். துண்டுகளை ஒன்றாக்கும் தகவல் ஸ்ட்ரீமுக்குப் பக்கத்து ஃபோல்டர்களில்தான் இருக்கிறது. பிரீமியர் புரோவில் மீடியா பிரவுசர் வழியாகவும், ஃபைனல் கட் புரோவில் இம்போர்ட் சாளரம் வழியாகவும் அந்த ஃபோல்டரைத் திறந்தால் முழுப் பதிவும் ஒரே கிளிப்பாக வரும். மேக்கில் ஏவிசிஎச்டி ஃபோல்டர் ஒரே கோப்பு போலத் தெரியும், அது இயல்புதான். எம்பி4 ஆக மாற்றிய பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள். படம்பிடித்த தேதியும் நேரமும் மூல வீடியோவுக்குள்ளேயே பதிந்திருக்கும், மாற்றும்போது அது பெரும்பாலும் தொலைந்துவிடும்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

சில எடிட்டர்களில் எம்டிஎஸ் திறக்கும், ஒலித்தடம் மட்டும் காலியாக இருக்கும். ஏசி-3 ஒலியைப் படிக்கும் டிகோடர் அதில் இல்லை என்று பொருள். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், இவற்றில் இந்தத் தொல்லை இல்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு நிறம் திருத்துவதில் மிக வலுவானது. ஆனால் லினக்ஸில் அது எச்.264-ஐயே திறக்காது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கோப்பை முதலில் டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற எடிட்டிங் ஃபார்மட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டு கேமராவில் எடுத்த அரங்கேற்றமானால் ஒலியை வைத்துத் தானாகப் பொருத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கேடென்லைவிலும் ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் உண்டு. தொடக்கத்தில் பொருந்தினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு கேமராக்களின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. தில்லானா வரும்போது நட்டுவாங்கத் தாளத்தின் சத்தமும் தட்டும் கையும் சில ஃபிரேம் விலகியிருக்கலாம். ஒவ்வொரு உருப்படியின் தொடக்கத்திலும் வெட்டி மறுபடி பொருத்துவதே நம்பகமான வழி.

கணினியைக் கணக்கில் எடுக்காதது

எச்.264 இறுக்கி அடைத்த பதிவு. ஒரு ஃபிரேமைக் காட்ட முன்பின் ஃபிரேம்களையும் கணினி பிரித்துப் பார்க்க வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பிசி அசெம்பிள் செய்யும்போது விலை குறைகிறது என்று, மாடல் எண் 'எஃப்' என முடியும் இன்டெல் பிராசசரைச் சிலர் எடுத்துவிடுகிறார்கள். அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, வீடியோவைப் பிரிக்க உதவும் குவிக் சிங்கும் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, அதைப் பயன்படுத்தத் தெரிந்த சாஃப்ட்வேரும் இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் முழுச் சுமையும் பிராசசர் தலையில்.

பழைய கணினிதான் என்றால் பிராக்ஸி வசதி உள்ள எடிட்டரைத் தேர்ந்தெடுங்கள். சிறிய நகலை வைத்து வெட்டிவிட்டு, முடிவில் மூலத்தில் இருந்து எக்ஸ்போர்ட் செய்யும் முறை அது. இட அளவையும் முன்பே கணக்கிடுங்கள். 24 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 24 மெகாபிட்) ஏவிசிஎச்டி ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. அதையே புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்டி 120 என்ற எடிட்டிங் ஃபார்மட்டுக்கு மாற்றினால் 25 ஃபிரேமில் ஏறக்குறைய 55 ஜிபி, 50 ஃபிரேமில் அதன் இரு மடங்கு.

தமிழ் எழுத்தைச் சோதிக்காமல் பணம் கட்டுவது

டிரயல் பதிப்பில் எல்லாம் செய்து பார்ப்பார்கள், டைட்டிலை மட்டும் ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குவார்கள். பிறகு 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'ஸ்ரீ' தனித்தனியாக உடையும். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை அந்த சாஃப்ட்வேர் செய்யவில்லை என்பதே காரணம். ஃபான்ட்டை மாற்றினால் தீராது.

"ஸ்ரீ சௌபாக்கியவதி, கொண்டாடுவோம்" என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். பெங்களூரில் அழைப்பிதழ் போலவே டைட்டிலும் தமிழ், கன்னடம் இரண்டிலும் வேண்டியிருக்கும். கன்னடத்தில் 'சுஸ்வாகத' அடித்தால் 'வ' என்ற ஒத்தெழுத்து 'ஸ'வுக்குக் கீழே அமர வேண்டும். இந்த இரண்டும் தேறினால் நம்பலாம். பிரீமியர் புரோவில் பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து முறையை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றிவிட்டுச் சோதியுங்கள். அதை மாற்றாமலே "தமிழ் வராது" என்று ஒதுக்குபவர்கள் உண்டு.

வராத சாஃப்ட்வேரானால் இங்க்ஸ்கேப்பில் 1920-க்கு 1080 அளவில், பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக டைட்டிலைச் செய்து டைம்லைனின் மேல் தடத்தில் வையுங்கள். இடம் வலம் 96 பிக்சல், மேலே கீழே 54 பிக்சல் விட்டுவிடுங்கள், பழைய டிவிகள் ஓரத்தை விழுங்கும். ஸ்டுடியோக்காரர்கள் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்து ஒப்பேற்றுவதும் டைட்டிலுக்குச் சரிதான். சப்டைட்டிலுக்கு அது உதவாது, யூனிகோடுதான் வேண்டும்.

தேவைக்கு மேல் வாங்குவது

முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்பவர்களுக்கு எடிட்டரே வேண்டாம். லாஸ்லெஸ்கட் என்ற இலவசக் கருவி மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டித் தரும், தரம் ஒரு துளியும் குறையாது. வெட்டு கீஃபிரேமில்தான் (மற்ற ஃபிரேம்களின் உதவியின்றி முழுதாகப் பதிந்த ஃபிரேமில்) விழும் என்பதால் சில ஃபிரேம் முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

வருடத்துக்கு ஒரு நிகழ்ச்சி செய்பவருக்குச் சந்தா முறை பொருந்தாது. பணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய புராஜெக்ட்டைத் திறந்து ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. மாதாமாதம் கட்டுகிறோம் என்று நினைப்பது உண்மையில் ஓராண்டு ஒப்பந்தத்தின் தவணையாக இருக்கலாம், பாதியில் நிறுத்தினால் அபராதம் வரும். ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கிராக் பதிப்பு பக்கமே போக வேண்டாம். வைரஸ் வந்தால் போவது சாஃப்ட்வேர் மட்டுமல்ல, திரும்ப எடுக்க முடியாத மூலப் பதிவும்தான்.

எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்காதது

யூடியூபுக்கு 1080, 50 புரோகிரசிவ், 12 எம்பிபிஎஸ். யூடியூப் பரிந்துரைக்கும் அளவும் அதுவே. டிவியில் பென் டிரைவ் வழியாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1080, 50 புரோகிரசிவுக்கு எச்.264 லெவல் (பதிவைப் படிக்கத் தேவையான திறனைக் குறிக்கும் எண்) 4.2 வேண்டும், பழைய டிவிகள் 4.1 வரைதான் படிக்கும். தாத்தா வீட்டு டிவி பழையது என்றால் அதற்கு மட்டும் 25 புரோகிரசிவில் தனிக் கோப்பு. லெவலையும் பிட்ரேட்டையும் கையால் மாற்ற விடாத, 'ஹை, மீடியம், லோ' மட்டும் காட்டும் எடிட்டர்கள் இங்கேதான் கைவிடும்.

12 எம்பிபிஎஸில் இரண்டரை மணி நேரம் 13.5 ஜிபி வரும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையைச் சில பழைய டிவிகள் படிக்காது. அதனால் அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானா என்று உருப்படி வாரியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 40 நிமிட வர்ணம் 3.6 ஜிபிக்குள் அடங்கிவிடும். வர்ணம் 45 நிமிடத்தைத் தாண்டினால் அந்தக் கோப்புக்கு மட்டும் 10 எம்பிபிஎஸ் வையுங்கள்.