தோல், ரெக்சின், தாவரத் தோல்: எது நீடித்து உழைக்கும் என்று கண்டறியும் முறை

பையோ பெல்ட்டோ செருப்போ, எதை வாங்கினாலும் முதலில் அதன் வெட்டு விளிம்பைப் பாருங்கள். விளிம்பு சாயம் பூசி மூடப்பட்டிருந்தால் உள்மடிப்பையோ துளையிட்ட இடத்தையோ தேடலாம். உண்மைத் தோலில் நார்கள் பின்னிக் கிடக்கும். செயற்கைப் பொருளிலோ துணியும் அதன்மேல் பூசிய பிளாஸ்டிக் படலமும் தனித்தனி அடுக்குகளாகத் தெரியும், பிற்காலத்தில் உரிவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

'அசல் தோல்' என்ற முத்திரை மட்டும் போதாது. மேற்புறம் தேய்க்கப்படாத முழுத்தோலே மிக வலுவானது. தோலைக் கிடையாகப் பிளந்தபின் கிடைக்கும் அடியடுக்கு வலுக்குறைந்தது. தோல் துகள்களைப் பசையால் இணைத்துச் செய்யும் 'பாண்டட் லெதர்' பெயரளவில்தான் தோல். பதனிட்ட முறையையும் கேளுங்கள். ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் விறைப்பும் உறுதியும் உடையது என்பதால் பெல்ட்டுக்கு ஏற்றது, ஆனால் நனைந்த நிலையில் வெப்பம் பட்டால் சுருங்கி இறுகிவிடும். குரோமியத்தால் பதனிட்ட தோல் மென்மையானது, ஈர வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும்.

செயற்கைப் பொருள்களில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய ரெக்சின் தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் அதை நெகிழவைக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியேறுவதால் நாளடைவில் விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் என்ற மற்றொரு பிளாஸ்டிக் பூசிய வகை கைக்கு இதமானது; எனினும் பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேனைக் காற்றின் ஈரமே சிதைக்கும் என்பதால், சென்னை போன்ற கடலோர ஊரில் அலமாரியில் பயன்படுத்தாமல் வைத்த காலணிகூடப் பொடிந்து உதிரலாம். பாலிகார்பனேட் வகை பாலியூரித்தேன் ஈரத்தை நன்கு தாங்கும். இந்த விவரத்தைக் கடையில் கேட்டறிவது கடினம்தான், ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள்.

தாவரத் தோல் என்பது தாவரத்தால் பதனிட்ட விலங்குத் தோல் அன்று, தாவரப் பொருளைச் சேர்த்துச் செய்யும் மாற்றுப் பொருள். அதில் கவனிக்க வேண்டியது, அதில் தாவரத்தின் பங்கு எவ்வளவு, மேலே பூசியிருப்பது என்ன என்பதாகும். அன்னாசி இலை நாரால் ஆன பின்யாடெக்ஸின் மேலும் பிசின் பூச்சு உண்டு. ஜெர்மனியின் ஃபில்க் ஆய்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கள்ளித் தோல் உள்ளிட்ட சில பொருள்களில் பாலியூரித்தேன் காணப்பட்டது. சோதித்த எந்த மாற்றுப் பொருளும் தோலின் எல்லாப் பண்புகளையும் ஒருசேர எட்டவில்லை. விலங்குத் தோலைத் தவிர்க்க விரும்புவோரின் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அவர்கள் அதிகம் மடங்காத பணப்பை, கோப்புறை போன்றவற்றுக்குத் தாவரத் தோலைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் குறையும். நடக்கும்தோறும் மடங்கும் காலணிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தோலிலும் ஒரு தொல்லை உண்டு: மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் மூடாமல் துணிப்பையில் வையுங்கள், நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், பின்னர் தோலுக்குரிய மெழுகைச் சிறிதளவு தடவுங்கள். தையல் விட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். படலம் உரிந்த ரெக்சினுக்கு அந்த வழி இல்லை.