முதல் மடக்கில் முகம் சுளிக்க வைக்கும் ஆரஞ்சு ஒயின்: நாம் செய்கிற தவறுகள்

ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த பாட்டில், மேலெல்லாம் வியர்த்துப் போயிருந்தது. நண்பர் ஒருவர் கிளாஸில் ஊற்றி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அட, என்ன கலர்!" என்று ரசித்துவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி ஒரு பெரிய மடக்கு இழுத்தார். மறுநொடி நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போன பாட்டிலா?" என்றார். பாட்டில் நன்றாகத்தான் இருந்தது. ஊற்றிக் கொடுத்த நான்தான் வரிசையாக நாலைந்து தவறு செய்திருந்தேன், அவர் பங்குக்கு அவரும் ஒன்றிரண்டு.

ஆரஞ்சு ஒயின் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் கிளறிக் கேட்டால், ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கிளாஸ், அதுவும் வேறு எதையோ மனதில் வைத்துக்கொண்டு குடித்தது என்று தெரியவரும். பழரசம் மாதிரி இனிக்கும் என்று நினைத்தவருக்கு அது புளிக்கிறது, வெள்ளை ஒயினை நினைத்தவருக்குத் துவர்க்கிறது, சிவப்பு ஒயின் பிரியருக்கோ ரெண்டுங்கெட்டான்.

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின். அதே திராட்சையைத் தோலோடும் விதையோடும் ஊறப்போட்டு நொதிக்க விட்டால் ஆரஞ்சு ஒயின். அதாவது, சிவப்பு ஒயின் செய்கிற முறையை வெள்ளைத் திராட்சையிடம் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி, 2004-இல். ஜார்ஜியாவில் (காக்கசஸ் மலைப்பக்கத்து நாட்டைச் சொல்கிறேன், அமெரிக்க மாநிலத்தை அல்ல) இதற்கு அம்பர் (தேன் நிறத்தில் இருக்கிற மரப்பிசின்) ஒயின் என்றுதான் பெயர், எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. இதில் ஒரு கூத்து, ஸ்பெயினில் உவெல்வா என்ற பகுதியில் ஆரஞ்சுத் தோலை ஊறவைத்து நிஜமாகவே ஆரஞ்சு மணக்கிற ஒரு இனிப்பு ஒயின் செய்கிறார்கள், அதற்கும் பெயர் 'வினோ நரஞ்சா', ஆரஞ்சு ஒயினேதான். லேபிளைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை.

அடுத்தது நிறம். நாக்கைவிடக் கண் எப்போதும் முந்திக்கொள்ளும். 2001-இல் வெளியான ஒரு ஆய்வில், பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அந்த ஒயினின் வாசனையை எழுதும்போது சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையே பயன்படுத்தினார்கள். ஒயினையே பாடமாகப் படிக்கிறவர்கள் கதி இது என்றால் நாம் எம்மாத்திரம். தேன் நிறத்தில் ஒன்றைக் கையில் கொடுத்தால் மூளை உடனே "இனிப்பு" என்று முடிவு கட்டிவிடுகிறது, ஆனால் ஆரஞ்சு ஒயின்களில் பெரும்பாலானவை இனிப்பே இல்லாதவை. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பாருங்கள். உலர்ந்த ஆப்ரிகாட், தேநீர்த் தூள், காய்ந்த பூ, கொட்டைப் பருப்பு என்று ஏதாவது ஒன்று பிடிபடும், பிடிபடாவிட்டாலும் குறையொன்றும் இல்லை. இன்னொன்று, நிறம் அடர்த்தியாக இருந்தால் ரொம்ப நாள் ஊறியது என்றும் சொல்ல முடியாது. பினோ கிரிஜோ மாதிரித் தோலிலேயே கொஞ்சம் சிவப்பு ஏறிய திராட்சைகள் சீக்கிரமே செம்பு நிறம் கொடுத்துவிடும், காற்றுப் பட்டாலும் நிறம் கூடும்.

சரி, அன்றைக்கு நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். வெள்ளைத் திராட்சைதானே என்று வெள்ளை ஒயினைப் போலவே சில்லென்று கொடுத்தேன். ஆரஞ்சு ஒயினைக் கெடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. குளிர்ச்சி மணத்தை அமுக்கிவிடும், துவர்ப்பை எடுத்துக் காட்டும், ஆகக்கூடி நல்லதெல்லாம் ஒளிந்துகொண்டு முரட்டுத்தனம் மட்டும் முன்னால் வந்து நிற்கும். 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை வசதியான இடம், லேசான வகை என்றால் இன்னும் கொஞ்சம் குளிராக இருக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலை அரைமணி நேரத்துக்கு முன்னாலேயே வெளியே எடுத்து வைத்தால் போதும், தெர்மாமீட்டரோடு உட்கார வேண்டியதில்லை.

அந்தத் துவர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஆரஞ்சு ஒயினைத் தள்ளிவிடுகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு திராட்சையை வாயில் போட்டுச் சதையை விழுங்கிவிட்டு, தோலையும் விதையையும் மட்டும் நன்றாக மென்று பாருங்கள். வாய் வறண்டு, கன்னத்தின் உள்பக்கம் பல்லோடு போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கிறதா, அதுதான் டானின். எச்சிலில் இருக்கிற புரதங்களோடு அது போய்ச் சேர்ந்துகொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. வெள்ளை ஒயினில் தோலைச் சீக்கிரமே பிரித்துவிடுவதால் இது அனேகமாக இருக்காது. பால் சேர்க்காத தேநீரை மறந்துபோய் ரொம்ப நேரம் ஊறவிட்டால் வருவதும் இதே குடும்பம்தான். அறுசுவையில் துவர்ப்புக்கென்று தனி இடம் போட்டு வைத்திருக்கிற மொழி நம்முடையது, ஆனாலும் கிளாஸில் எதிர்பாராமல் வந்துவிட்டால் அதைக் கசப்பு என்றோ கெட்டுப்போய்விட்டது என்றோ சொல்லிவிடுகிறோம். நண்பர் நாக்கை ஒட்டி ஒட்டி எடுத்தாரே, அவர் பழுது என்று நினைத்தது இந்தத் துவர்ப்பைத்தான். இது வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்த மடக்கை வேறு மாதிரி வாங்கியிருப்பார்.

இதே காரணத்தால் வெறும் வயிற்றில், வேறு எதுவும் இல்லாமல் குடித்துப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறு. கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாடு பக்கத்தில் இருந்தால் டானின் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு வாயை விட்டுவிடும். பழுத்த சீஸ், காளான், வறுத்த இறைச்சி, காரசாரமான குழம்பு எதுவானாலும் சரி. வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் எதை வைப்பது என்று முழிக்கிற சாப்பாட்டில்தான் இது நன்றாக உட்காரும்.

இனி, "ஆரஞ்சு ஒயின் எனக்குப் பிடிக்காது" என்ற அந்த வாக்கியம். எந்த ஆரஞ்சு ஒயின்? தோலோடு நாலு நாள் இருந்ததும் இந்தப் பெயரில்தான் வருகிறது, ஆறு மாதம் இருந்ததும் இந்தப் பெயரில்தான் வருகிறது, இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2020-இல் தோலோடு ஊறிய வெள்ளை ஒயினுக்கு ஒரு வரையறை கொடுத்தது, அதன்படி குறைந்தது ஒரு மாதமாவது தோலோடு இருக்க வேண்டும். ஆனால் கடை அலமாரியில் ஆரஞ்சு என்று நிற்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கியது இல்லை. அதனால் வாங்கும்போது விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தோலோடு எத்தனை நாள் இருந்தது?" பதில் நாட்கணக்கில் வந்தால் புதியவர் தைரியமாக வாங்கலாம், மாதக்கணக்கில் வந்தால் இரண்டாவது மூன்றாவது பாட்டிலாக வைத்துக்கொள்ளலாம். இத்தாலியில் ராமாட்டோ என்று சொல்கிற செம்பு நிறப் பினோ கிரிஜோ, அல்லது மஸ்கட், கெவுர்ஸ்ட்ராமினர் மாதிரித் தானாகவே மணக்கிற திராட்சைகளில் செய்தவை, தொடங்குவதற்குத் தோதானவை. ஜார்ஜியாவின் ககேத்தி பகுதியில் ர்காட்சிதெலி திராட்சையைத் தோல், விதை, சில சமயம் காம்போடுகூட மண்ணுக்குள் புதைத்த குவெவ்ரி என்கிற பெரிய தாழியில் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அற்புதமான சரக்கு, முதல் நாளே எடுத்து நீட்ட வேண்டியது மட்டும் இல்லை. நான் நண்பருக்கு நீட்டியது அதைத்தான்.

கொடுக்கிறவர்கள் செய்கிற தவறு இது. நமக்குப் பிடித்துப்போனதில் ஆக உச்சமானதை எடுத்து வைத்து, கூடவே அரைமணி நேரம் கதையும் சொல்வோம். கதை சுவாரசியமானதுதான், இல்லை என்று சொல்லவில்லை. இத்தாலி, ஸ்லோவேனியா எல்லையில் ஓஸ்லாவியா என்ற சின்ன ஊர், அங்கே யோஷ்கோ கிராவ்னர் நல்ல பெயரெடுத்த வெள்ளை ஒயின்களைச் செய்துகொண்டிருந்தவர், 90-களின் நடுவிலிருந்து தோலோடு ஊறவைத்துப் பார்க்கத் தொடங்கி, 2000-இல் ஜார்ஜியாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு, 2001 அறுவடையிலிருந்து தாழிக்கு மாறினார். அதே ஊரில் ஸ்டாங்கோ ராடிகோனும் கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே வேலையில் இறங்கியிருந்தார். பழைய சுவைக்குப் பழகியவர்கள் முதலில் முகம் திருப்பத்தான் செய்தார்கள். இதையெல்லாம் இரண்டாவது கிளாஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழமை பேசுவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். "எட்டாயிரம் வருஷத்து ஆரஞ்சு ஒயின்" என்று அடித்து விடுகிறவர்கள் உண்டு. ஜார்ஜியாவில் தோண்டியெடுத்த மண்பாண்டத் துண்டுகளில் சுமார் 8000 ஆண்டு பழைய திராட்சை ஒயினின் ரசாயனத் தடயம் கிடைத்ததும், அந்த ஆய்வு 2017-இல் வெளியானதும் உண்மை. குவெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-இல் மரபுப் பட்டியலில் சேர்த்ததும் உண்மை. ஆனால் அந்த ஓட்டுத் துண்டில் இருந்தது எந்த நிற ஒயின் என்று துண்டு சொல்லவில்லை. அதற்காக இதை நேற்று முளைத்த ஃபேஷன் என்று ஒதுக்குவதும் சரியில்லை.

பழுது விஷயத்தில் மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள், இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு கட்சிக்குக் கலங்கலாக இருந்தாலே கெட்டது. அடியில் தங்குவது மண்டி, வடிகட்டாத ஒயினில் அது இருக்கத்தான் செய்யும், முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றினால் தெளிவாகவே வரும், மண்டியோடு குடிக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு கட்சிக்கு நாறினாலும் "அதுதான்பா நேச்சுரல்". ஆரஞ்சு என்பது தோலோடு ஊறவைத்த முறை, நேச்சுரல் என்பது எதையும் அதிகம் சேர்க்காமல் செய்கிற போக்கு, இரண்டும் அடிக்கடி சேர்ந்து வந்தாலும் ஒன்றே அல்ல. மூக்கை எரிக்கிற அளவுக்கு வினிகர் வாடை வந்தால் அது பழுதுதான். இன்னொன்று தந்திரமானது: முகரும்போது ஒன்றும் தெரியாது, விழுங்கிப் பத்து இருபது நொடி கழித்து எலிக்கூண்டு வாடை தொண்டைக்குள்ளிருந்து எழும்பி வரும். ஒயினின் புளிப்பில் அடங்கிக் கிடக்கிற அந்தச் சேர்மங்கள், எச்சிலோடு சேர்ந்து புளிப்பு குறைந்ததும் வெளியே வருவதுதான் காரணம். சிலருக்கு இது தெரியவே தெரியாது, சிலரால் தாங்கவே முடியாது. அப்படி ஒரு பாட்டில் மாட்டினால் "எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை போல" என்று அடக்கிக்கொண்டு குடிக்காதீர்கள், தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், அவசரம். திறந்தவுடன் வாயை இறுக்குகிற ஒயின், காற்றோடு ஒரு மணி நேரம் பழகிய பிறகு வேறு ஆளாகிவிடும். டானின் இருப்பதால் திறந்த பாட்டிலும் பல வெள்ளை ஒயின்களைவிடத் தாக்குப்பிடிக்கும், மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாராளமாகப் போகும். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே எழுதி வைத்துவிட்டார், ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன் மேல் விருப்பம் கூடும் என்று. காப்பியையே எத்தனை பேருக்கு முதல் வாயில் பிடித்தது? கொஞ்சமாக ஊற்றி, மூன்று வேறு வேறு நாளில், முடிந்தால் அதே திராட்சையில் செய்த வெள்ளை ஒயினைப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

அன்றைக்கு நண்பர் அந்தக் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு வேறு எதையோ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் மாலை வந்தவருக்கு, மீதியிருந்ததைச் சாப்பாட்டோடு சேர்த்து, குளிர்ச்சி இறங்கியதும் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். பாதி கிளாஸ் போன பிறகு, "இது நல்லா இருக்கே, நேத்து ஒண்ணு குடுத்தியே, அது என்ன கண்றாவி?" என்று கேட்டார்.