டைட்டிலில் பெயரில்லாத கறுப்பின நடிகைகளைப் பழைய ஹாலிவுட் படங்களில் தேடுவது எப்படி

1910களிலிருந்து 1940கள் வரை வந்த அமெரிக்கப் படங்களில் கறுப்பின நடிகை ஒருவரைத் தேடுகிறீர்களா? டைட்டில் கார்டை நம்பாதீர்கள். வேலைக்காரி, சமையல்காரி வேடங்களுக்குப் பெயரே போடாமல் விட்டது சர்வசாதாரணம். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் உணவகப் பணிப்பெண்ணாக வரும் தெரசா ஹாரிஸுக்கு டைட்டிலில் இடமில்லை.

படத்தை இரண்டு தடவை ஓட்டுங்கள். முதல் தடவை முகங்களை மட்டும் பாருங்கள்: கதவு திறப்பவர், தட்டு ஏந்தி வருபவர், கதாநாயகிக்குத் தலை வாருபவர். தோன்றும் நிமிடம், நொடியைக் குறித்து, முகம் நேராகத் தெரியும் ஃபிரேமைச் சேமியுங்கள். இரண்டாவது தடவை காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்; மௌனப் படமென்றால், வசனம் காட்டும் எழுத்து அட்டைகளைப் படியுங்கள். மற்ற பாத்திரங்கள் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அந்தப் பெயரை வைத்துத்தான் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் பட்டியலில் தேட வேண்டும்.

அடுத்து கறுப்பினப் பத்திரிகைகள்: சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், கலிபோர்னியா ஈகிள். ரிலீஸ் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புரட்டுங்கள். படப்பிடிப்புச் செய்திகள் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்து சிதைந்திருக்கும் என்பதால் பெயரைப் பல விதமாகக் கொடுத்துப் பாருங்கள். நடிகை மேடம் சுல்-டி-வானை இடைக்கோடு போட்டும் போடாமலும் தேட வேண்டும்.

சேமித்த ஃபிரேமிலுள்ள முகத்தை வேறு படங்களோடு ஒப்பிடும்போதுதான் அதிகம் சறுக்கும். 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் முக்கியக் கறுப்பின வேடங்களைக் கருப்புச் சாயம் பூசிய வெள்ளையர்களே செய்தார்கள். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 1933இல் 'தி எம்பரர் ஜோன்ஸ்' படத்தில் கறுப்பின நடிகர் பால் ரோப்சன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அணைப்பதாகப் பார்வையாளர்கள் நினைத்துவிடக் கூடாதென்று, வெளிர்நிறமுள்ள கறுப்பின நடிகை ஃப்ரெடி வாஷிங்டனுக்குக் கருநிற மேக்கப் போட்டார்கள். அடுத்த ஆண்டே 'இமிட்டேஷன் ஆஃப் லைஃப்' படத்தில் அவர் தம் இயல்பான நிறத்தில் வருகிறார். ஆகவே நிறத்தை விடுங்கள். காது, தாடை, முன்நெற்றி முடிக்கோடு, இவை மேக்கப்பில் அவ்வளவாக மாறாது.

கடைசியாக, கையிலிருப்பது எந்தப் பிரதி? 'பேபி ஃபேஸ்' (1933) படத்தின் தணிக்கைக்கு முந்தைய வடிவம் 2004இல்தான் கிடைத்தது. அது சுமார் 5 நிமிடம் கூடுதல். ஈவ்லின் ப்ரியர் நடித்த 'விதின் அவர் கேட்ஸ்' (1920) ஸ்பெயினில் கிடைத்த பிரதியிலிருந்து மீட்கப்பட்டது. அதிலுள்ள எழுத்து அட்டைகளில் பெரும்பாலானவை ஸ்பானிய மொழியிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கப்பட்டவை. அந்த வரிகளை இயக்குநர் ஆஸ்கர் மிஷோ எழுதியதாக மேற்கோள் காட்டினால் தப்பு. எம்.ஜி.எம். நிறுவனத்தின் இசைப்படங்களில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடும் காட்சிகளோ, இனவெறி நிலவிய தென் மாநிலத் தியேட்டர்களில் கத்தரித்தாலும் கதை குலையாதபடி தனியாக நிற்பவை. ஒரு பிரதியில் அவரைக் காணோம் என்றால், அவர் நடிக்கவில்லை என்று எழுதிவிடாமல் இன்னொரு பிரதியைத் தேடுங்கள்.